ஆபீஸ் போனுக்கு வைத்த பொட்டு

ஒயர் இல்லாத போன் ஊமையாகிவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது போனை அல்ல, சுவரை. பிளக்கை ஒரு தடவை ஆட்டிப் பார்க்க வேண்டும். ரிசீவரை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு கரண்டில். விளக்கு எரிந்தும் ரிசீவரில் சத்தமே இல்லை என்றால், ஸ்டாண்டின் பின்னால் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றி, 'டக்' என்று உட்காரும்வரை மறுபடி செருக வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் லைன்மேனைத் தேட வேண்டும். பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ரிசீவரை மேசையில் தட்டுகிறார்கள், பிறகு லைன்மேனைத் திட்டுகிறார்கள், கடைசியில்தான் பிளக் கழன்று கிடப்பது கண்ணில் படுகிறது.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அரியலூரில் ஒரு லாரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எந்த வண்டிக்கு எந்த லோடு, எந்த டிரைவர், எப்போது கிளம்பினான், எங்கே நிற்கிறான் என்று எழுதி வைப்பது என் வேலை. ஒரு காலத்தில் எங்கள் தெருவில் எந்தக் கடையில் போன் மக்கர் செய்தாலும் 'லாரி ஆபீஸ் அக்காவைக் கூப்பிடு' என்பார்கள். இப்போது அந்த மாதிரி போன் தெருவிலேயே எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் கற்றுக்கொண்ட வித்தையால் இனி ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை. வேண்டிய நேரத்தில் எனக்கே அது உதவவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அந்த போனை வாங்கியது முதலாளி. பின்பக்கம் லாரி நிறுத்தும் இடம் வரை நடந்துகொண்டே பேசலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினார். ஆனால் நடுவில் இரும்பு பீரோ இருந்தது. பீரோவைத் தாண்டி இரண்டு எட்டு வைத்ததும் பேச்சு கரகரத்து அறுந்துபோகும். முதலாளி பீரோவைத் திட்டிவிட்டு செல்போனுக்கு மாறிவிட்டார். போன் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பீரோவை எதிர்ச் சுவருக்குத் தள்ளினாலே சரியாகிவிடும் என்று நான் கண்டுபிடித்தது பிற்பாடு.

என் வீட்டுக்காரர் அதே ஆபீஸில் டிரைவர். எங்கள் கல்யாணமே அந்த போனில் ஆரம்பித்ததுதான். லோடு இறக்கிவிட்டேன் என்று சொல்லக் கூப்பிடுவார். சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகும் வைக்க மாட்டார். "அங்க மழையாங்க?" என்பார். "இல்லீங்க" என்பேன். "இங்கயும் இல்லீங்க" என்பார். இப்படி ஆறு மாதம் மழை இல்லாத சேதியையே பேசிவிட்டு, அவர் அண்ணனைத் திருமழபாடியிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்க அனுப்பினார்.

அவருக்கு எந்த நம்பரும் மனதில் நிற்காது. என் செல் நம்பரைக்கூட அவர் ஒரு நாளும் மனப்பாடமாகச் சொன்னதில்லை, எல்லாம் அவர் செல்போனுக்குள் பெயரோடு இருந்தது. ஆபீஸ் நம்பர் மட்டும் விதிவிலக்கு. எங்கள் ஆறு லாரிகளின் பின்பலகையிலும் அந்த நம்பரை எழுதியது அவர்தான். பெயின்டருக்குக் கொடுப்பானேன், என் கையெழுத்து நல்லாத்தானே இருக்கு என்று அவரே பிரஷ் பிடித்து எழுதினார். எட்டு என்ற எண்ணுக்கு மட்டும் மேல் வட்டம் சிறுத்து, கீழ் வட்டம் பெருத்து, வயிறு ஊதின ஆள் மாதிரி இருக்கும். நான் கிண்டல் செய்வேன். இன்றைக்கும் அந்த எட்டு தாங்கிய லாரி முன்னால் போனால் பஸ்ஸில் உட்கார்ந்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் வழியெங்கும் நின்று ஆபீஸுக்குத்தான் கூப்பிடுவார். காலை ஒன்பதுக்கு நான் ஆபீஸ் திறப்பேன், முதலாளி பதினோரு மணிக்கு வருவார், நடுவில் நான் தனியாக இருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று தடவை மணி அடிக்கும். சில நாள் சிரிப்பாக இருக்கும். சில நாள் எரிச்சலாக இருக்கும். எரிச்சலைக் காட்டாமல் இருக்க எனக்குத் தெரியாது.

என் அப்பா இறந்துபோன வருஷம், பதினாறாம் நாள் காரியத்துக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு லோடு எடுத்துப் போனார். வரவில்லை. இறக்குகிற இடத்தில் இன்னொரு லோடு கிடைத்தது என்று அங்கிருந்தே அதை ஏற்றிக்கொண்டு இன்னும் வடக்கே போய்விட்டார். மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று ஊரே கேட்டது. காரியம் முடிந்து மூன்றாம் நாள் நான் ஆபீஸ் திறந்ததும் மணி அடித்தது. அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை.

"இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க. பண்ணுனாலும் நான் எடுக்க மாட்டேன்" என்றேன்.

லாரிகள் போகிற சத்தத்துக்கு நடுவில், "சரி" என்றார். வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆந்திராவில் ஒரு டீக்கடைக்காரர் முதலாளிக்குப் போன் செய்தார். லாரி அவர் கடை முன்னால் லோடோடு ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. சாவியையும் செல்போனையும் கடையில் கொடுத்து, செல்போனைப் பார்த்து முதலாளி நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஆள் நடந்து போய்விட்டார். முதலாளி வேறு டிரைவரை அனுப்பி வண்டியை எடுத்து வந்தார். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். திருமழபாடி அண்ணன் இரண்டு தடவை ஆந்திரா போய்த் தேடிவிட்டு வந்தார். நான் சொன்ன வார்த்தைதான் காரணமா, வேறு ஏதாவது அவர் மனதை அரித்துக்கொண்டிருந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் வாயைத் திறந்தால்தான் உண்டு. அவர் கையில் செல்போனும் இல்லை. மனதில் இருப்பதோ ஒரே ஒரு நம்பர், நான் எடுக்க மாட்டேன் என்று சொன்ன நம்பர்.

அன்றிலிருந்துதான் நான் போன் மெக்கானிக் ஆனேன்.

அதுவரை போன் வேலை செய்கிறதா இல்லையா என்று நான் கவலைப்பட்டதே கிடையாது. அதன்பிறகு காலையில் கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன். ஊய் என்று சத்தம் வந்தால் அன்றைய நாள் ஓடும். வராவிட்டால் பிளக்கிடம் ஓடுவேன். எங்கள் ஆபீஸ் இருக்கிற சாலையில் நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும்தான் போகும். துடைத்து நிமிர்வதற்குள் மேசையில் விரலால் எழுதலாம், அவ்வளவு தூசி. அந்தத் தூசி ரிசீவரின் அடியில் இருக்கும் இரண்டு சின்னப் பித்தளைப் புள்ளிகளில் போய்ப் படியும். ஸ்டாண்டில் அதற்கு நேராக இரண்டு தகடுகள் இருக்கும். புள்ளியும் தகடும் தொட்டால்தான் ரிசீவருக்கு சார்ஜ் ஏறும். சனிக்கிழமை தோறும் பென்சில் ரப்பரால் அந்தப் புள்ளிகளைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவேன். என் மூக்குத்தியை நான் அப்படித் தேய்த்தது கிடையாது.

பேட்டரிதான் தீராத தலைவலி. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரியை இதற்குப் போடக்கூடாது, சார்ஜ் ஏறுகிற பேட்டரிதான் போட வேண்டும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் தேடிப் பிடித்து வாங்கினேன். மட்டமான சரக்கு. ஸ்டாண்டில் இருக்கிறவரை நன்றாக இருக்கும். ஸ்டாண்டிலிருந்து எடுத்து வைத்தால் ஐந்தாறு மணி நேரத்தில் உயிர் போய்விடும். அந்த ரகத்தில் வேறு பேட்டரி எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் பேசி முடித்ததும் ரிசீவரை உடனே ஸ்டாண்டில் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மாடலில் மணி அடிப்பது ரிசீவர் மட்டும்தான். ஸ்டாண்டு அடிக்காது. ரிசீவர் செத்துக் கிடந்தால் கூப்பிடுகிறவருக்கு அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருக்கும், இந்தப் பக்கம் ஈ பறக்கிற சத்தம்கூட வராது. யார் கூப்பிட்டார்கள் என்ற தடயமும் ரிசீவரில் பதியாது. இதை நான் ஒரு முறை என் செல்லிலிருந்தே அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்படி எல்லாம் தெரிந்தவள்தான் நான்.

அந்த வருஷ மழைக்காலத்தில் போன் ஒரு புது வியாதியைப் பிடித்துக்கொண்டது. காலை நேரத்தில் பாதி மணி அடிக்கும், அதாவது 'ட்ரி' என்று ஆரம்பித்து முடிக்காமல் நின்றுவிடும். எடுத்தால் ஆள் பேச மாட்டார். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். நம்பரும் காட்டாது. அதுவும் சரியாக ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில். அவர்தான் என்று எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. பேச வெட்கப்பட்டுக்கொண்டு எங்கேயோ நின்று அடிக்கிறார், நான் எடுக்கிறேனா என்று பார்க்கிறார். எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். "நான்தாங்க, சொல்லுங்க" என்றேன். "அன்னிக்குச் சொன்னது கோவத்துல சொன்னதுங்க" என்றேன். அப்பாவின் காரியம் எப்படி நடந்தது என்று ஒரு நாள் ஒன்று விடாமல் சொன்னேன். கடுகு பொரிந்துகொண்டே இருந்தது. அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரைச்சல் அதிகமாகிவிட்டதே, அவர் பேசினால் கேட்காமல் போய்விடுமே என்று பயந்து நானே லைன்மேனுக்குச் சொல்லி அனுப்பினேன். உடையார்பாளையத்துக்காரர், நல்ல மனுஷர். வெளிச்சுவரில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்ததுமே சிரித்தார். உள்ளே ஒயர் முறுக்கின இடம் பச்சை பூத்துப் போயிருந்தது.

"ஈரம் எறங்கியிருக்குங்கக்கா. இந்த மாரி ஆச்சுன்னா மணி தானா அடிக்கும். வெயிலு வந்து காஞ்சதும் நின்னுடும்."

"இல்லீங்க, கூப்புடுறாங்க. நான் பேசிக்கிட்டுல்ல இருக்கேன்."

"யாரும் கூப்புடல்லீங்கக்கா. அது வெறும் தண்ணி."

பச்சையை வெட்டி எறிந்து, புதிதாக முறுக்கி, மேலே ஏதோ பசையைத் தடவிவிட்டுப் போனார். லைன் கண்ணாடி மாதிரி சுத்தமாகிவிட்டது. அதன்பிறகு காலையில் ஒரு நாளும் மணி அடிக்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போன ஒரு மனுஷன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கவும் இல்லை.

முதலாளி இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, "எதுக்கும்மா தெண்டமா அந்த லைனு? சரண்டர் பண்ணிடுவோம்" என்பார். அவருக்கும் தெரியும் எதற்கு என்று. நான் ஸ்டாண்டைத் துடைக்க ஆரம்பிப்பேன். "சரி சரி, இருக்கட்டும்" என்று செல்போனைக் காதில் வைத்துக்கொள்வார். யாரும் மறுமுனையில் இருக்க மாட்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகச் செய்வது அது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. லாரி ஆபீஸுக்குத் தீபாவளியை விட அதுதான் பெரிய பண்டிகை. வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து அமர்க்களமாக இருக்கும். வேலைக்கு உதவுகிற எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஸ்டியரிங், ஜாக்கி, ஸ்பானர், கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர், ரப்பர் ஸ்டாம்பு வரைக்கும் பொட்டு உண்டு. பொட்டு வைத்ததை மறுநாள் பூஜையை எடுக்கிறவரை தொடக்கூடாது, வேலைக்கு எடுக்கக்கூடாது. அதற்கு அன்று ஓய்வு.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் தனியாக இருந்து எல்லாவற்றையும் துடைத்தேன். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தேன், காய்ந்து உதிரக்கூடாது என்பதற்காக. கம்ப்யூட்டருக்கும் மற்றதற்கும் வைத்து முடித்துவிட்டு போனிடம் வந்தேன். ரிசீவரின் முகம் முழுக்கப் பட்டன். பட்டன் மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். திருப்பினேன். அடியில் அந்த இரண்டு பித்தளைப் புள்ளிகள், பொட்டு வைக்கவே செய்து விட்ட இடம் மாதிரி மின்னின. இத்தனை நாள் எனக்காக இந்த போன் உயிரோடு இருக்கிறது என்றால் அது இந்த இரண்டு புள்ளியால்தான், மற்றதற்கெல்லாம் வைத்துவிட்டு இதற்கு வைக்காமல் இருந்தால் எப்படி என்று தோன்றியது. அதற்கே வைத்தேன். சந்தனம், அதன் மேல் குங்குமம். ஸ்டாண்டின் தகடுகளுக்கும் வைத்தேன். வைக்கும்போது, ஒரே ஒரு தடவை அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு ரிசீவரைப் பதமாக ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு முழம் கதம்பத்தை அதன் முகத்தை மூடி மேலே போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் பூஜைக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். முதலாளி அன்று மட்டும் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். எல்லா வண்டிகளுக்கும் கற்பூரம் காட்டிவிட்டு உள்ளே வந்து, பீரோவுக்கு, கம்ப்யூட்டருக்கு, பிறகு போனுக்குக் காட்டினார். பூவும் பொட்டுமாக அது இருந்ததைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணாட்டம் ஜோடிச்சிருக்கியேம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு நேராக நின்று, கண்ணை மூடி, கும்பிட்டுக்கொண்டேன். சுண்டலும் பொரியும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு மத்தியானம் வரை மேசை பக்கத்திலேயே இருந்தேன். மறுநாள் எனக்கு லீவு, முதலாளியே வந்து பூஜையை எடுத்தார். அதற்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை வந்து பூவை எடுத்தால் ரிசீவர் கட்டையாகக் கிடந்தது. எந்தப் பட்டனுக்கும் வெளிச்சம் இல்லை. பிளக்கைப் பார்த்தேன். ஒயரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு ஜோராக எரிந்தது. அப்புறம்தான் ரிசீவரைத் திருப்பினேன். சந்தனம் சிமெண்டு மாதிரி இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ரப்பர் போட்டுத் தேய்த்து, ஸ்டாண்டில் வைத்து இரண்டு மணி நேரம் விட்டேன். பிழைத்துக்கொண்டது. என் செல்லிலிருந்து அடித்துப் பார்த்தேன், கணீரென்று அடித்தது. முதலாளியிடம் சொன்னபோது, "ஏம்மா, அதுக்குக் கண்ணைக் கட்டி வுட்டுட்டியா நீ" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டேன் அல்லவா. மூன்று நாள்தானே, அதுவும் பண்டிகை நாள், யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அன்றே மறந்துபோனேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். காலை பத்து மணி, முதலாளி வரவில்லை. முப்பது வயது இருக்கும், ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். லுங்கியும் கழுத்தில் துண்டுமாக இருந்ததைப் பார்த்ததும் டிரைவர் என்று தெரிந்தது. ஆண்டிமடத்துக்காரராம். முந்திரிப் பருப்பு லோடு ஏற்றி வடக்கே போகிறவர், அன்று சிமெண்ட் ஏற்ற அரியலூர் வந்திருக்கிறார். செல்போனை என் முன்னால் நீட்டினார்.

"அக்கா, இந்த நம்பரு உங்க ஆபீஸ் நம்பருங்களா? உங்க லாரி பின்னாடி இதான் எழுதியிருக்கு."

எங்கள் நம்பர்தான். பெயர் இல்லாமல் வெறும் எண்ணாக இருந்தது.

"போன்ல சொல்ற விசயம் இல்லீங்க, அதான் இந்தப் பக்கம் வந்தப்ப நேர்ல சொல்லிட்டுப் போவலாம்னு" என்று ஆரம்பித்தார். நான் உட்காரச் சொன்னேனா, அவரே உட்கார்ந்தாரா, நினைவில்லை.

"பூஜை அன்னிக்கு ஆந்திராவுல மாட்டிக்கிட்டேங்க. அங்கயே ஒரு வாட்டர் வாஷ் ஷெட்டுல வண்டியக் கழுவிப் பொட்டு வச்சேன். வண்டி கழுவுன ஆளு தமிழ்ல பேசுனாரு. பூசணிக்காயில குங்குமம் அடைச்சதே அவருதான். எந்த ஊருண்ணேன்னேன். அரியலூரு, லாரி ஆபீஸ்ல இருந்தேன்னாரு. அப்பறம் ஒரு நிமிசம் போனு குடுக்கறீங்களான்னாரு. நம்பர எதுலயும் பாக்கல்லீங்கக்கா. மனப்பாடமா போட்டாரு."

லோடு எழுதுகிற நோட்டை மூடி வைத்தேன்.

"மூணு தரம் போட்டாரு. மூணு தரமும் முழுசா அடிச்சி அடிச்சி நின்னுச்சு. லீவா இருக்கும்ணே, அப்பறம் போடுங்கன்னேன். இன்னிக்கி லீவு கெடையாது, பூஜை, அவ அங்கதான் இருப்பா, போனு பக்கத்துலயேதான் நிப்பான்னாரு." கொஞ்சம் தயங்கினார். "எடுக்க மாட்டேன்னு சொன்னா, எடுக்கல, அவ்ளோதான்னு சொல்லிட்டுப் போனைக் குடுத்துட்டாருங்க. திரும்பி வரப்ப அங்க எறங்கிப் பாத்தேன். ஆளு இல்ல. யாரோ ஒரு லாரியில ஏறிப் போயிட்டாராம், எங்கன்னு ஷெட்டுக்காரனுக்கே தெரியல."

செல்போனை வாங்கிப் பார்த்தேன். பூஜை நாள் தேதி. பத்து நாற்பது, பத்து நாற்பத்தொன்று, பத்து நாற்பத்து நான்கு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த மூன்று நிமிஷம் என்ன யோசித்தாரோ. அந்த நேரத்தில்தான் முதலாளி போனுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். நான் அதற்கு நேராகக் கண்ணை மூடி நின்று, ஒரே ஒரு தடவை அடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன், ஆனால் வந்தது பேச்சுதான்.

"அன்னிக்குப் போன் அடிக்கவே இல்லீங்க. நான் இங்கதான் நின்னேன், இதே எடத்துல. சத்தியமா அடிக்கல."

"அடிச்சுச்சுங்கக்கா. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு, நானே கேட்டேன்."

"அங்க அடிச்சிருக்கும். இங்க அடிக்கல. சந்தனம் வச்சிட்டேங்க, அடியில, சார்ஜ் ஏறுற எடத்துல வச்சிட்டேன். அதனால சார்ஜ் ஏறல."

சொல்லும்போதே என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மாட்டிக்கொண்ட முகம். எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"சரிங்கக்கா. மறுபடி எங்கயாச்சும் பாத்தா, என்னான்னு சொல்லட்டும்?"

"போனு ரிப்பேரா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அது மட்டும் போதும். அவ எடுக்காம இல்ல, போனு ரிப்பேரா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

தலையை ஆட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையிலிருந்த செல்போனில் எங்கள் நம்பர் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

என் மேசை மேல் போன் அடித்தது. அந்த லைன் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்றால், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கணீரென்று அடித்தது. அவர் செல் நம்பர், பெயர் இல்லாமல், ரிசீவரின் சின்னக் கண்ணாடியில் பச்சை வெளிச்சத்தில் ஒவ்வொரு எண்ணாகத் தெரிந்தது.

"நல்லாத்தானுங்களே அடிக்குது" என்றார் அவர்.

அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை.